பறிக்காமல் விட்ட நாலு செடி

ஏழாம் வகுப்பில் ஒரு கவிதைக்கு நயம் எழுதப் போய், குத்துக்கல் மாதிரி உயிரோடிருந்த அப்பாவுக்கு ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கச் செய்தவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். எங்கள் தெருவில் எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ பரிசு வாங்கியிருக்கிறார்கள். ஆறு வரிக் கவிதையை வைத்துக்கொண்டு ஒரு தெருவையே மாரில் அடித்து அழ வைத்தது யார் என்று கேட்டால் அம்மா இன்றைக்கும் என்னைத்தான் கை காட்டுவாள்.

தோவாளைப் பூச்சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டுக்கு வீடு மல்லிகைத் தோட்டம். ஆனால் செடியில் மல்லிகை பூத்து நாங்கள் யாரும் நின்று பார்த்ததில்லை. விடிந்ததும் விடியாததுமாகத் தோட்டத்தில் இறங்கி மொட்டாகவே பறித்துவிடுவோம். வெயில் ஏறுவதற்குள் அது சந்தைக்குப் போய்விட வேண்டும். அது விரிவதெல்லாம் சாயங்காலம், யாரோ ஒரு பெண்ணின் தலையிலோ சாமியின் கழுத்திலோதான். கை தப்பிய மொட்டு ஒன்றிரண்டு செடியில் விரிந்து கிடந்தால், "சவத்துப் பூவு" என்று அம்மா கிள்ளி எறிவாள். மொட்டாக இருக்கும் வரைக்கும்தான் எங்களுக்கு அது பூ.

தோட்டம் முழுக்கப் பூத்துக் கிடக்க ஒரே ஒரு வழி உண்டு. வீட்டில் துட்டி விழ வேண்டும், அதாவது யாராவது செத்துப்போக வேண்டும். அன்றைக்கு அந்த வீட்டுத் தோட்டத்தில் எவரும் கை வைக்க மாட்டார்கள். தீட்டுப் பூ சாமிக்குப் போய்விடக் கூடாதே. மொட்டெல்லாம் செடியிலேயே கிடந்து பொழுது சாயும்போது விரியும். தோட்டத்துப் பக்கமிருந்து மல்லிகை வாசம் தூக்கலாக வந்தால், எங்கள் ஊர்ப் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு யார் வீடு என்று கேட்டபடி தெருவுக்கு வருவார்கள்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் இலக்கிய மன்றப் போட்டி அறிவித்தார்கள். எங்கள் தமிழ் டீச்சர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவர். கரும்பலகையில் ஒரு கவிதையை எழுதி நயம் பாராட்டச் சொன்னார். யார் எழுதியது என்று சொல்லவில்லை. வாசிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தால் அவரே எழுதியதாகத்தான் இருக்கும்.

மாலையில் விரிந்தாய் மல்லிகையே – உன்
மணத்தால் தெருவை நிறைத்துவிட்டாய்
காலையில் கதிரவன் காணுமுன்னே – உன்
காம்பை விட்டே உதிர்ந்துவிட்டாய்
ஓரிரவு வாழ்ந்த பேரழகே – நீ
யாருக்கென்று பூத்தாயோ?

எதுகை, மோனையெல்லாம் நான் மளமளவென்று எழுதிவிட்டேன். மையக்கருத்து என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: "இந்தக் கவிதையில் வரும் தோட்டக்காரர் நேரத்துக்கு எழுந்து பூப் பறிக்கவில்லை. ஆகவே பெருத்த நட்டம் ஏற்பட்டது. நாம் சோம்பலை ஒழிக்க வேண்டும்." பக்கத்தில் இருந்த பையன் என்னைவிடத் தெளிவு. "அந்த வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள், எனவே பூப் பறிக்கவில்லை, இது இரங்கல் கவிதை" என்று முடித்திருந்தான். இரண்டையும் படித்த டீச்சர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அழகு நிலைக்காது, அதுதான் கருத்து, அதில் தோட்டக்காரன் எங்கே வந்தான் என்று கேட்டார். செடியில் மல்லிகை பூத்து நீ பார்த்ததே இல்லையா என்றும் கேட்டார். இல்லை டீச்சர் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. திங்கட்கிழமை போட்டி, அதற்குள் போய்ப் பார், பார்த்துவிட்டு எழுது, கடைசியில் வரும் அந்தக் கேள்வியை வாசிக்கும்போது குரலில் அவலச்சுவை வரவேண்டும் என்றார்.

எனக்கு அன்றைக்கே பரிசு கையில் வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஓடி வந்து பையை எறிந்துவிட்டு, ஒரே ஒரு செடியை நாளைக்குப் பறிக்காமல் விடச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன். அப்பா நல்ல மனுஷர்தான். ஆனால் மறுநாள் ஆனி மாதத்தின் கடைசிப் பெரிய முகூர்த்தம். அந்த நாளில் ஒரு மொட்டைக்கூட விட்டு வைக்க எந்தப் பூக்காரனுக்கும் மனசு வராது.

"கவிதைக்குத்தானே, பிளாஸ்டிக் பூவப் பாத்து எழுது" என்றார். "பிள்ளையள படிக்க விட்டா, பூவ வாடப்போடச் சொல்லுகாளா அந்த டீச்சர்" என்று அம்மா அடுப்படியிலிருந்து சேர்ந்துகொண்டாள். நான் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வழக்கத்தைவிட இரண்டு தோசை குறைத்துச் சாப்பிட்டேன்.

அத்தை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எனக்கு அவள்தான் எல்லாம். ஒரே பாய், ஒரே போர்வை, தின்பண்டத்தில் சரிபாதி. அந்தச் சமயத்தில் அவளுக்கு ஒரு வரன் வந்து பாதியில் நின்றிருந்தது. மாப்பிள்ளைக்கு ஆரல்வாய்மொழியில் காத்தாடிக் கம்பெனியில், அதாவது காற்றாலையில், வேலை. அத்தைக்கு அவரைப் பிடித்துவிட்டது. எங்கள் மொட்டைமாடியில் நின்று பார்த்தால் தூரத்தில் அந்தக் காற்றாடிகள் சுற்றுவது தெரியும். துணி காயப்போட ஏறுகிறவள் ஒரு வாளித் துணிக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வாள். அவருக்கும் சம்மதம்தான். அவருடைய அம்மாதான் ஒரே பிடியாக நின்றார். கூடப்பிறந்த அண்ணன்மார் இருவரும் ஒன்றாக வந்து தாம்பூலம் மாற்ற வேண்டும், பிரிந்து கிடக்கிற குடும்பத்தில் பெண்ணெடுத்தால் நாளைக்கு ஒரு நல்லது பொல்லாததற்கு எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது என்று கேட்டார். ஆடி பிறப்பதற்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்.

அண்ணன்மார் என்றால் அப்பாவும் பெரியப்பாவும். எங்கள் தோட்டத்துக்கு அந்தக் கடைசியில் பெரியப்பா வீடு. நடுவில் பொதுக் கிணறு, பொது மோட்டார். யார் முறைக்கு யார் தண்ணீர் பாய்ச்சினார் என்பதில் தொடங்கிய சண்டை, பேச்சு முற்றி, மூன்று வருஷமாகப் போக்குவரத்து இல்லை. "நீ செத்தாலும் ஒன் நடையில கால் வைக்க மாட்டேம்லே" என்று பெரியப்பா கிணற்றடியில் நின்று சொன்னது ஊருக்கே தெரியும். "வராண்டாம், சங்கு ஊத ஆளு இருக்கு" என்று அப்பா திருப்பிச் சொன்னதும் தெரியும். அத்தை இரண்டு பேரிடமும் அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். அவன் முதலில் வரட்டும் என்றார் இவர், இவன் முதலில் கூப்பிடட்டும் என்றார் அவர். ஆடி பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

இந்த விவகாரம் எனக்கும் தெரியும். அத்தை கல்யாணம் நடந்தால் எனக்குப் பட்டுப் பாவாடை என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். அதனால் நானும் மண்டைக்காட்டு அம்மனுக்குத் தனியாக ஒரு வேண்டுதல் போட்டு வைத்திருந்தேன். ஆனால் அந்த வாரம் என் தலை முழுக்கக் கவிதைதான்.

சனிக்கிழமை விடியற்காலையில் எல்லோரும் பறிக்க இறங்கினோம். கடைசி மூலையைத் தான் பார்த்துக்கொள்வதாக அத்தை சொன்னாள். கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்த்து ஒற்றைக் கண்ணை மூடித் திறந்தாள். போய்ப் பார்த்தால் மூலையில் நாலு செடி அப்படியே இருந்தது. கண்ணில் பட்ட இடமெல்லாம் மொட்டு. கத்திவிடக் கூடாது என்று நான் என் கையை நானே கடித்துக்கொண்டேன். அப்பா அவசரத்தில் எதையும் கவனிக்கவில்லை. மூட்டையை பைக்கில் கட்டிச் சந்தைக்குப் போனவர், அப்படியே நாகர்கோவிலுக்குப் போய் உரம் வாங்கிக்கொண்டு பொழுது அடைய வருவதாகச் சொல்லியிருந்தார்.

மத்தியானத்திலிருந்தே நான் அந்த மூலையில் குத்தவைத்துவிட்டேன். கையில் நோட்டும் பேனாவும். ஒரு மொட்டும் அசையவில்லை. நாலு மணி வரைக்கும் முறைத்துப் பார்த்துக் கண் எரிந்ததுதான் மிச்சம். அத்தை இடையிடையே வந்து, "என்னட்டி, பூத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வெயில் இறங்கியதும் ஆரம்பித்தது பாருங்கள். ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், அது அப்படியே இருக்கும். பக்கத்தில் திரும்பினால் அங்கே ஒன்று விரிந்திருக்கும். சரி என்று அதைப் பிடித்தால், முதலில் பார்த்தது எனக்குத் தெரியாமல் இதழைப் பிரித்திருக்கும். என்னோடு கண்ணாமூச்சி ஆடின அந்தப் பூக்கள். கொஞ்ச நேரத்தில் நாலு செடியும் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. இலையே தெரியவில்லை. நாங்கள் வளர்த்த செடிதானா இது என்று இருந்தது எனக்கு. வாசம் என்றால் அப்படி ஒரு வாசம், ஆனிக் காற்று அதை அள்ளிக்கொண்டு பெரியப்பா வீட்டுப் பக்கமாகப் போனது.

அத்தை விளக்கேற்ற உள்ளே போயிருந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் எழுத வரவில்லை. வாசித்துப் பழகலாம் என்று எழுந்து நின்றேன். டீச்சர் சொன்ன அவலச்சுவைக்காகத் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "ஓரிரவு வாழ்ந்த பேரழகே, நீ யாருக்கென்று பூத்தாயோ" என்று இழுத்து இழுத்துச் சொன்னேன். முதல் தடவை போதவில்லை என்று தோன்றியது. இரண்டாம் தடவை தொண்டையை அடைத்துக்கொண்டு சொன்னேன். மூன்றாம் தடவை கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் பால் கறக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா இதைப் பார்த்தாள். செடியெல்லாம் பூத்துக் கிடக்கிறது, பிள்ளை தலையில் கைவைத்து அழுகிறது, வாசலில் அப்பாவின் பைக்கைக் காணோம். "ஏட்டி மக்களே, என்னட்டி ஆச்சு?" என்றாள். அவலச்சுவை கலைந்துவிடுமே என்று நான் கையை மட்டும் ஆட்டினேன். அவ்வளவுதான். அக்கா பால் சொம்பைக் கீழே போட்டுவிட்டு, "அய்யோ, ஒங்க தம்பி போயிட்டாரே" என்று பெரியப்பா வீட்டைப் பார்த்து ஓடினாள்.

பெரியப்பா பெருத்த உடம்புக்காரர். கல்யாண வீட்டிலும் பைய நடந்து வருகிறவர். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். தோட்டத்தைச் சுற்றி வர வழி இருக்கிறது, அவர் சுற்றவில்லை. வாய்க்காலில் இறங்கி, மல்லிகைச் செடிகளுக்கு நடுவே, ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் சேறோடும் வந்தார். "லேய், எனக்கு முன்னால போயிட்டியாலே சின்னப்பயலே" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டுவிட்டது. எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். பின்னாலேயே பெரியம்மா, அவளுக்குப் பின்னால் மாரில் அடித்துக்கொண்டு பெண்கள்.

தோசைக் கரண்டியோடு வெளியே வந்த அம்மா இதைப் பார்த்தாள். ரோட்டில் அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, சேதி சொல்லத்தான் எல்லோரும் வந்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள். கரண்டியைப் போட்டுவிட்டு அவளும் சரிந்தாள். அம்மா அழுவதைப் பார்த்து வந்தவர்களுக்கு மிச்சம் இருந்த சந்தேகமும் தீர்ந்தது. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் என்ன செய்வேன்? நானும் நோட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். கவிதை மறந்தே போனது. அப்பா, அப்பா என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை.

அத்தை விளக்கோடு நடைக்கு வந்தாள். மூலையில் பூத்துக் கிடந்த செடிகளையும் கூட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது போலும். என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். முற்றத்து மண்ணில் கிடந்து அழும் பெரியப்பாவைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். பயத்தில் அத்தைக்குப் பேச்சு வரவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். பைக்கில் பின்னால் உர மூட்டை, முன்னால் எனக்காக வாங்கிய ஏத்தன்பழ பஜ்ஜிப் பொட்டலம். தன் வீட்டு முன்னால் ஒப்பாரி கேட்டதும் மனுஷர் பைக்கை நிறுத்தவில்லை, அப்படியே விட்டுவிட்டுக் குதித்தார். அது உர மூட்டையோடு வேலியில் சாய்ந்தது. "யாருலே, எங்க வீட்டுல யாருலே போனது?" என்று கதறிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். மூன்று பேரும் இருக்கிறோம். அப்புறம்தான் மண்ணில் கிடந்த அண்ணனைப் பார்த்தார்.

ஒப்பாரி சட்டென்று நின்றது. பெரியப்பா கையை ஊன்றி எழுந்தார். அப்பா பக்கத்தில் போய் ஓங்கி ஒரு அறை விட்டார். கன்னத்தில் கை வைக்கக்கூட அப்பாவுக்கு நேரம் கொடுக்கவில்லை, அப்படியே இழுத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "போனப் போட்டா எடுக்க மாட்டியாலே?" என்றார். "நீ எப்ப போட்ட?" என்றார் அப்பா, அழுதுகொண்டே. பெரியப்பா அப்பாவின் நம்பரை மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே அழித்துவிட்டார் என்பது பெரியம்மா சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு பேரும் விடாமல் நின்று அழுதார்கள். செத்ததற்கு அழுததைவிட, சாகாததற்குத்தான் அதிகம் அழுதார்கள் என்று அம்மா பிற்பாடு சொல்வாள்.

அழுகை அடங்கியதும் விசாரணை தொடங்கியது. முகூர்த்த நாளும் அதுவுமாக எவள் பறிக்காமல் விட்டது என்று அப்பா கேட்டார். "நாந்தான்" என்றாள் அத்தை. "பிள்ளைக்குக் கவிதை எழுதணுமாம்." கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. அடி நிச்சயம் என்று நான் நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பெரியப்பா மூக்கைத் துண்டில் சிந்திவிட்டு, "அப்பிடி என்ன எழவுக் கவிதையட்டி அது, வாசி கேப்போம்" என்றார்.

வாசித்தேன். இவ்வளவு பெரிய சபை போட்டியன்றுகூடக் கிடைக்கவில்லை. அவலச்சுவை தானாகவே வந்தது, விக்கல் இன்னும் நிற்காததால். கடைசி வரி முடிந்ததும் ஆளாளுக்கு நயம் பாராட்ட ஆரம்பித்தார்கள். பூவுக்கு வாய் இருந்தால் தோட்டக்காரனுக்கென்று சொல்லும் என்றார் ஒருவர். எழுதினவன் பூ விலை தெரியாதவன் என்றார் இன்னொருவர். பால் சொம்பைத் தேடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா மட்டும், "ஆனாலும் பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றாள். அப்போதுதான் எல்லோரும் அந்த நாலு செடியைச் சரியாகப் பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக மல்லிகை வளர்த்த கூட்டம் மூலையில் போய் வட்டமாக நின்றது. இருபது வருஷமாக இதே மண்ணில் செடி வைத்த அப்பா, "இவ்வளவு வெள்ளையாவா இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. அந்தப் பூக்களை நானே பெற்று வளர்த்த மாதிரி, தொடாமல் பாருங்கள் என்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தை காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். முதல் தம்ளரைப் பெரியப்பாவிடம் நீட்டினாள். எல்லோர் கண்ணும் அந்தத் தம்ளரில்தான். மூன்று வருஷமாக அவர் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. துட்டி வீட்டில் காப்பி குடிக்கக் கூடாதே என்று பெரியப்பா தயங்கினார். நிஜமாகச் சொன்னாரா, வீம்பு மிச்சமிருந்து சொன்னாரா, தெரியாது. "செத்தவனே தாறேன், குடி" என்று சொல்லி அப்பா தம்ளரை வாங்கி அவர் கையில் வைத்தார். பெரியப்பா ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டு, வேறு யாரையும் பார்க்காமல், "மாப்பிள்ளை வீட்டுக்கு என்னைக்குப் போணும்?" என்று கேட்டார். அத்தை தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். நான் பின்னாலேயே ஓடிப் பார்த்தேன். இருட்டு அடுப்படியில் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டு பேரும் சத்தம் வராமல் குதித்தோம்.

திங்கட்கிழமை போட்டியில் எனக்கு முதல் பரிசு. அழகு நிலைக்காது என்பதை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தேன். வானவில், பனித்துளி, அந்திவானம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் துணைக்குக் கூப்பிட்டிருந்தேன். இந்த வயதில் இவ்வளவு முதிர்ச்சியா என்று டீச்சர் என் நோட்டை மற்ற வகுப்புகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். அடுத்த வாரமே அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் போய்த் தாம்பூலம் மாற்றினார்கள். ஆவணியில் கல்யாணம். எனக்குப் பட்டுப் பாவாடை வந்தது, மாம்பழ நிறம். பந்தியில் பிரதமன் பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். மாப்பிள்ளை மாமாவிடம், என் கவிதையால்தான் உங்களுக்குக் கல்யாணமே நடக்கிறது என்று சொல்லி, ஒரு பேனாவும் வாங்கிக்கொண்டேன். பெண்ணை அழைத்துக்கொண்டு கார் கிளம்பும்போது வீட்டில் எல்லோரும் அழுதார்கள். இவ்வளவு பாடுபட்டு நடத்திய கல்யாணத்தில் எதற்கு அழுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. தெருமுனை வரைக்கும் காரில் ஏறிக்கொள்ள அத்தை விட்டாள். இறங்கி, கை வலிக்க ஆட்டிவிட்டு, அடுத்த பந்திக்கு ஓடினேன்.

மறுநாள் பள்ளிக்கூடம். குளித்துவிட்டு வந்து, சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு, எப்போதும் போல நடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எனக்குத் தலை பின்னிவிடுவது எப்போதும் அத்தைதான். "அத்தே, நேரமாச்சு" என்றேன். யாரும் வரவில்லை. "அத்தே, பெல்லு அடிச்சிரும்" என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்த அம்மா, மடியில் மொட்டோடு வந்தாள். எனக்குப் பின்னால் உட்கார்ந்து சீப்பை வாங்கினாள். அவளுக்கு வகிடு நேராக எடுக்க வரவில்லை.

கல்யாணம் ஆனால் அத்தை போய்விடுவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. வீட்டில் நயம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே.